மீதியிருந்த குஞ்சுகள்

(மேலப்பாளையத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் உங்கள் முன்பாக எழுந்து நிற்பது பிரசங்கம் செய்வதற்காக அல்ல, கணக்கு ஒப்புவிப்பதற்காக. நீங்கள் அனுப்பிய காணிக்கையில் 160 கோழிக்குஞ்சுகள் வாங்கினோம். அவற்றில் 43 குஞ்சுகள் ஒரே இரவில் இறந்துபோயின. ஆண்டறிக்கையில் இதை "எதிர்பாராத காரணங்களால் சில குஞ்சுகள் இழக்கப்பட்டன" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம் என்று நம்மில் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த எதிர்பாராத காரணம் உங்கள் முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறபடியால், அது தானே வாய் திறந்து சொல்வதுதான் முறை.

கோழி வளர்ப்பில் ஒரு மருத்துவமனை ஏன் இறங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நமது பகுதியில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. தண்ணீர் வடிந்த பிறகு நமது கிராம சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போனபோது, பாயும் பாத்திரமும் போனதைச் சொன்ன பெண்கள், கோழி போனதைக் கடைசியில்தான், அதுவும் கூச்சத்தோடு, சொன்னார்கள். மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிப் பிழைக்கிற பெண்கள் அவர்கள். நாலைந்து கோழி கொல்லையில் மேய்ந்தால் பிள்ளைக்கு ஒரு முட்டை உண்டு, அவசரத்துக்கு விற்க ஒரு சேவல் உண்டு. அவர்களில் சிலருடைய வீட்டில் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை நாம் கொடுக்கலாம். உடம்பு தேறுவதற்குப் புரதம் வேண்டுமே. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. டாக்டரம்மா இதைச் சொன்னபோது, கோழி வாங்கிக் கொடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

இது புதிய காரியம் ஒன்றுமல்ல. நமக்குத் தெற்கே, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் 1920-களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்பவருடைய பொறுப்பில் ஏழைக் குடும்பங்களுக்கு நல்ல ஜாதிக் கோழிகளைக் கொடுத்து, முட்டைகளைக் கூட்டுறவு முறையில் விற்க வழிசெய்தது. நான் செமினரியில் படித்த காலத்தில் எங்களை அங்கே அழைத்துப்போனார்கள். தேனீப் பெட்டியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கோழியைப் பார்த்த ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பிறந்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை ஒன்பது வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் தாய்க்கோழி இல்லாமல் பிழைக்காது. ஆகவே ஐந்து வாரம் ஒரே இடத்தில் புரூடர் வைத்து வளர்த்து, இறகு முளைத்த பிறகு கொடுப்பது என்று ஏற்பாடு. பாளையங்கால்வாய்க்குப் பக்கத்தில், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பெத்தா என்று அழைக்கிற ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் பின்னால் பழைய மாட்டுத் தொழுவம் ஒன்று காலியாக இருந்தது. அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மூன்று விரற்கடை உயரத்துக்கு உமி பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்தோம். ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதற்குள் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பொருத்தினோம். ஒரு குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்பது கணக்கு. அதுவரை எல்லாம் சரிதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. பெத்தா ஆளனுப்பினார். நான் அந்த வழியாகப் போகிறவன் என்பதால், "ஐயாவே வாங்கிட்டு வந்துரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கேட்டேன். "குண்டு பல்பெல்லாம் இப்ப யாரு சார் வாங்குதா? எல்.இ.டி. கொண்டு போங்க, கரண்டு மிச்சம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் கோழிக்கு என்று சொல்லவில்லையே! ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, எரிந்துகொண்டிருந்த நல்ல குண்டு பல்பையும் கழற்றிவிட்டு, இரண்டையும் மாட்டினேன். தொழுவம் முழுவதும் பகல்போல் ஆயிற்று. மின்கட்டணத்தில் பெத்தாவுக்கு இவ்வளவு மிச்சம் என்று மனக்கணக்கும் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் சூடாகத்தான் வெளிவிடுகிறது. வெளிச்சம் என்பது அதற்குக் கிடைக்கிற கொசுறு. எல்.இ.டி. பல்பு அப்படி அல்ல. அது எடுப்பதே ஒன்பது, பத்து வாட்தான். நமக்கு அது லாபம், குஞ்சுக்கு அது மரணம். வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. இதை வைத்து அருமையான ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று உங்களில் போதகமார் இப்போதே குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அந்தத் துணிவு இல்லை.

அது மார்கழி மாதம். நமக்குப் போர்வை தேவைப்படாத சாதாரண இரவுதான். ஆனால் முதல் வாரத்துக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ், பழைய கணக்கில் 95 டிகிரி, சூடு வேண்டும். அதன் உடம்பில் இருப்பது வெறும் பூமயிர். தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு இரண்டு மூன்று வாரத்தில் இறகு முளைக்கும்போதுதான் வருகிறது. கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்த்துக்கொள்வதைப் பற்றி நாற்பது வருடமாகப் பேசிவருகிறேன். அந்தச் சிறகுக்குள் எத்தனை டிகிரி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோழியின் உடம்புச்சூடு ஏறத்தாழ 41 டிகிரி; நமக்கு அது கடுங்காய்ச்சல். பஞ்சுபோன்ற அந்தச் சிறகு ஓர் அடுப்பு என்பதை இந்த வயதில்தான் படித்தேன்.

காலையில் பெத்தாவின் பேரன் ஓடிவந்தான். நான் போனபோது பெத்தா தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஐயா, ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. நான் கண் அசந்துட்டேன்" என்றார். வடகிழக்கு மூலையில் ஒரு குவியல். மேலே இருந்தவை நடுங்கிக்கொண்டிருந்தன. அடியில் இருந்தவை நனைந்து, தட்டையாகி, அசைவற்றுக் கிடந்தன. குளிர் தாங்காமல் ஒன்றின் சூட்டுக்கு ஒன்று நெருங்கி, மூலையில் மாட்டி, ஒன்றையொன்று நசுக்கிவிட்டன. எண்ணிப் பார்த்தோம். 43.

அதற்குள் கொல்லையில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் பொரிப்பகத்தார் நோய்க்குஞ்சைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். வெள்ளைக்கழிச்சல்தான், சந்தேகமே இல்லை என்றார் மற்றொருவர். இவர்களில் ஒரு தாயார் சும்மா பேசிக்கொண்டிராமல் வீட்டுக்குப் போய், தன் கணவர் சாப்பிட்டு மீதி வைத்திருந்த ஆன்டிபயாடிக் கேப்சூல் இரண்டைக் கொண்டுவந்து, பிரித்துத் தண்ணீர்த் தட்டில் கொட்டப்போனார். நான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அவருக்கு வருத்தம். "நம்ம ஆஸ்பத்திரியில தந்த மருந்துதானே ஐயா?" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜெபிக்கப் போகிறபோது, "எந்த மருந்துக்கும் கிருமி அடங்கவில்லை ஐயா" என்று டாக்டர்மார் தாழ்ந்த குரலில் சொல்வதை இப்போது அடிக்கடி கேட்கிறேன். நான் ஊழியத்துக்கு வந்த காலத்தில் இப்படிக் கேட்டதில்லை. கண்டபடி மருந்தைக் கொடுத்தால், சாகாமல் தப்புகிற கிருமி அந்த மருந்தைப் பழகிக்கொள்கிறது. மனிதருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான், கோழிக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். வேறெதற்கும் அடங்காத கிருமிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற கொலிஸ்டின் என்ற மருந்தை, கோழி முதலான உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு தடைசெய்தது. அந்த அளவுக்குக் காரியம் முற்றிப்போயிருக்கிறது. அந்தத் தாயாரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "என்ன வியாதி என்று தெரியாமல் நம் டாக்டரம்மா மருந்து எழுதுவார்களா?" என்று மட்டும் கேட்டேன். கேப்சூலை முந்தானையில் முடிந்துகொண்டார்.

கால்நடை மருத்துவரைப் போனில் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. "செத்தது எல்லாம் ஒரே இடத்திலா, அங்கங்கேயா?" என்றார். ஒரே மூலையில் என்றேன். "என்ன பல்பு?" என்றார். அந்த நிமிஷம் எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் அவர் சொன்னபடி, இறந்தவற்றில் மூன்றை பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் வைத்து, அறுத்துப் பார்க்க அனுப்பினோம். நமக்கு ராமையன்பட்டியிலேயே அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இருக்கிறது. இப்படிப்பட்ட வசதி கிட்டத்தில் இருப்பது பலருக்குத் தெரியாது. கோழி செத்தால் வாய்க்காலில் வீசுகிறோம். அந்த வாய்க்காலில்தான் கீழே ஒருவர் குளிக்கிறார். மற்ற குஞ்சுகளைக் கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்புத்தூள் தூவிப் புதைத்தோம். அறுத்துப் பார்த்ததில் நோய் ஒன்றும் தென்படவில்லை.

கோழி சாகும்போது காரணத்தைத் தேடாமல் விடக்கூடாது என்பதற்கு மருத்துவமனை சம்பந்தமான ஒரு சரித்திரமே உண்டு. இன்று ஜகார்த்தா என்கிற பத்தேவியாவில், 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, நடை தள்ளாடி, இருதயம் வீங்கிச் சாகிற வியாதி அது. கிருமிதான் காரணம் என்று நம்பித் தேடினார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகளே திடீரென்று கால் துவண்டு விழ ஆரம்பித்தன. ஊசி போட்ட கோழியும் விழுந்தது, போடாத கோழியும் விழுந்தது. சில மாதம் கழித்து எல்லாம் தாமாகவே தேறிக்கொண்டன. விசாரித்தால், ஆய்வுக்கூடத்துப் பணியாள் சிக்கனத்துக்காக ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டிருக்கிறார். பிறகு வந்த புதிய சமையற்காரர், பட்டாளத்து அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டில் இருக்கிற ஒரு சத்து இல்லாததுதான் குற்றம் என்று 1901-இல் அவருக்குப் பின்வந்த கிரெய்ன்ஸ் விளக்கினார். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரருக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பெத்தாவிடம் இதைச் சொன்னேன். "தவிடு போட்டா கோழி தேறும்னு எங்க உம்மாவே சொல்லுமே" என்றார்.

இனி, மீதியிருந்த 117 குஞ்சுகளுக்கு வருகிறேன். உண்மையில் நான் சொல்லவந்தது இதுதான். கால்நடை மருத்துவர் அன்று காலையிலேயே என்னை எச்சரித்தார்: "ஐயா, செத்ததைப் பற்றி அப்புறம் அழலாம். குளிரில் அடிபட்ட குஞ்சு அன்றைக்கே சாகாது. இன்னும் ஐந்தாறு நாளில் கொஞ்சம் சாகும். அதைக் குறைப்பதுதான் உங்கள் வேலை." அதன் காரணத்தையும் சொன்னார். முட்டையிலிருந்து வருகிறபோது குஞ்சு தன் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள்கருவைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்தக் கட்டுச்சோற்றை வைத்துத்தான் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் பிழைக்கிறது. பெட்டியில் அடைத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்ப முடிவதும் அதனால்தான். உடம்பு குளிர்ந்துபோனால் அந்தக் கரு ஜீரணமாகாமல் தங்கிக் கெட்டுப்போகிறது. தொப்புள் வழியாகக் கிருமியும் சேர்ந்தால் வயிறு உப்பி, குஞ்சு தூங்கித் தூங்கி விழும்.

ஆகவே முதல் காரியம் சூடு. குண்டு பல்பு டவுனில் தேடிப்பிடித்து வருவதற்குள், பெத்தா எவர்சில்வர் தூக்குச் சட்டிகளில் வெந்நீர் ஊற்றி, மூடி, பழைய சேலையில் சுற்றி, நடுவில் வைத்துவிட்டார். என் மனதில் கரியடுப்புதான் தோன்றியது. மூடிய தொழுவத்தில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், காவலிருக்கிறவரையும் கொல்லும் என்று மருத்துவர் தடுத்தார். இரண்டாவது காரியம் தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டியைக் கரைத்து, துவண்ட குஞ்சை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகு நுனியை மட்டும் நனைத்துவிட்டோம். மூக்குத் துவாரம் முங்கிவிடக் கூடாது. ஒரு தடவை குடித்துப் பழகினால் பிறகு தானே தட்டைத் தேடிப்போகிறது. தட்டில் குஞ்சு விழுந்து நனையாதபடி கூழாங்கற்களைப் போட்டோம். பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு ஆறு பெண்கள் மத்தியானம் வரைக்கும் இந்த வேலையைச் செய்தார்கள். அன்றைய கூலி அவர்களுக்குப் போயிற்று. அதுவும் இந்தக் கணக்கில் சேரவேண்டிய தொகைதான்.

குடித்துத் தெளிந்த பிறகுதான் தீனி. முதலில் மக்காச்சோளக் குருணை, மறுநாள் முதல் குஞ்சுத் தீவனம். சில குஞ்சுகளுக்கு எச்சம் பின்புறத்தில் காய்ந்து ஒட்டி அடைத்துக்கொண்டது. குளிர் பட்ட குஞ்சுக்கு இது வருவதுண்டு. பிய்த்து இழுத்தால் தோலோடு வரும். வெந்நீர் தோய்த்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைக்கவேண்டும். நம்முடைய நர்ஸ் மாணவி ஒருத்தி விடுமுறை நாளில் வந்து இதைச் செய்தாள். பிரசவ வார்டில் இருக்கிற பொறுமை அவள் கையில் இருந்தது.

மூன்றாவது காரியம், மூலை. அந்தத் தொழுவத்தில் மூலை இல்லாதிருந்தால், பல்பு என்னுடையதாக இருந்தும், பாதிக் குஞ்சாவது பிழைத்திருக்கும். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வேலி கட்டினோம். வட்டத்துக்குள் குஞ்சு ஓடினாலும் மாட்டிக்கொள்ள இடமில்லை. இதைச் செய்ய ஒரு காசும் ஆகவில்லை.

சூடு சரியா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டோம். ஆனால் குஞ்சுகளே அதைவிட நல்ல தெர்மாமீட்டர். விளக்கின் அடியில் குவிந்து கீச்சுக்கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர். விலகி ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதற்காற்று வருகிறது. வட்டம் முழுவதும் பரவி, சில தின்று, சில தூங்கினால் நாமும் போய்த் தூங்கலாம். வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரவேண்டும். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். மின்சாரம் போனால் என்ன செய்வது? வெந்நீர்ச் சட்டிதான். பெத்தா அடுப்பில் எப்போதும் ஒரு பானை வைத்திருந்தார்.

மருத்துவர் சொன்னபடியே, அடுத்த ஆறு நாளில் இன்னும் எட்டுக் குஞ்சுகள் போயின. ஆனால் அந்த எட்டும் குவியலாக அல்ல, ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் கையில் வைத்திருந்தார்.

ஏழாம் நாள் ராணிக்கெட் நோய்க்குக் கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டிய நாள். சோர்ந்த குஞ்சுக்குத் தடுப்பு மருந்து விடக்கூடாது என்பதால் நான்கு நாள் தள்ளிப்போட்டோம். இந்த ராணிக்கெட் நோயைத்தான் நம் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் தென்பட்டது. அதனால் நமது தேசத்தில் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. வந்துவிட்டால் மருந்து கிடையாது, வராமல் தடுக்க மட்டுமே முடியும். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. கொடுக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் அது சொட்டு மருந்துக்குப் பதிலாகாது. அந்த மருந்து உயிருள்ள கிருமியிலிருந்து செய்தது. வெயில் பட்டால் வெறும் தண்ணீர். ஃபிளாஸ்க்கில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்து, கலக்கிய உடனே அந்தி நேரத்தில் விட்டு முடித்தோம். எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி போடவேண்டும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, கூளத்தில் ரத்தம் கலந்த எச்சம். பெத்தாதான் முதலில் பார்த்தார். இரண்டாவது தடவை என்பதால் அவர் கொல்லையில் யாரையும் கூட்டவில்லை. எங்கே ஈரம் என்று தேடினார். தண்ணீர்க் குவளையைச் சுற்றி உமி ஊறிப்போய்க் கட்டிதட்டியிருந்தது. ரத்தக்கழிச்சல் ஈரக் கூளத்தில்தான் பெருகுகிறது. ஊறிய உமியை அள்ளி வெளியே போட்டு, காய்ந்த உமியைப் பரப்பி, சுண்ணாம்புத்தூள் கலந்து கிளறிவிட்டு, குவளையைக் குஞ்சின் முதுகு உயரத்துக்குச் செங்கல்மேல் ஏற்றிவைத்த பிறகுதான் எனக்குச் சொல்லியனுப்பினார். மருத்துவர் எச்சத்தைப் பார்த்து, அந்த நோய்க்கான மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் கொடுக்கச் சொன்னார். ஒரு குஞ்சும் சாகவில்லை.

தீவனத்தில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. அன்பர் ஒருவர் கடலைப் பிண்ணாக்கு ஒரு சாக்கு இலவசமாக அனுப்பினார். உள்ளே பச்சைப் பூசணம். வாங்கவும் மனமில்லை, மறுக்கவும் வாயில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்லாடாக்சின் என்ற அந்த நஞ்சு மனிதருக்கும் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த அன்பர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரோ என்னவோ; இருந்தால் மன்னிக்கவேண்டும். உங்கள் பிண்ணாக்கை எருக்குழியில் போட்டோம்.

கணக்கை முடித்துவிடுகிறேன். 160-இல் 43 போக 117. அதில் எட்டுப் போக 109. ஒன்றைப் பூனை கொண்டுபோயிற்று. மிச்சம் 108. ஐந்தாம் வாரக் கடைசியில் ஒன்பது வீட்டுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொடுத்தோம்.

கொடுத்த அன்று பெத்தா தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "என் கையில அத்தனை உசிரு போச்சு. நான் முழிச்சிருந்தா போயிருக்காது" என்றார். அந்த முதல் நாளே நான் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தேன், பல்பு என் தவறு என்று. ஐயா தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஐந்து வாரமாக அந்தப் பாரத்தோடுதான் இரவும் பகலும் காவல் இருந்திருக்கிறார். ஆகவே அன்று ஒன்பது வீட்டுப் பெண்களும் கூடியிருந்த இடத்தில், இரண்டு பல்பையும் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் எரியவிட்டு, ஒவ்வொருவரையும் உள்ளங்கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். குண்டு பல்பின் கீழே கையை வைத்தவர்கள் சற்றைக்கெல்லாம் இழுத்துக்கொண்டார்கள். எல்.இ.டி.யின் கீழே வைத்தவர்கள் வைத்தபடியே நின்றார்கள். பெத்தா கடைசியாக வந்து வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நீங்கதானா?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவருடைய பன்னிரண்டு குஞ்சுகளையும் கூடையில் எடுத்துக்கொண்டார். இப்போது அவை முட்டையிடும் பருவத்தை நெருங்கிவிட்டன. உங்கள் அனுமதியோடு, வருகிற மாதம் இன்னொரு தொகுதிக் குஞ்சுகள் அதே தொழுவத்துக்கு வருகின்றன, காவல் பெத்தாதான். நேற்று போயிருந்தபோது, வட்ட வேலிக்கு அட்டை போதுமா, உமி எத்தனை சாக்கு, ஃபிளாஸ்க் யார் கொண்டுவருவது என்று எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, நான் எழுந்தபோது சொன்னார்:

"மத்தத எல்லாம் நீங்க பாருங்க ஐயா. பல்பு மட்டும் நான் வாங்கிக்கிடுதேன்."